செனட்டரின் தோளுக்குப் பின்னால்

பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில், அவர்கள் வீட்டுக் குசினியில் பனியின் வெளிச்சம் மேசைவரை வந்து கிடக்கிறது. மடிக்கணினியில் வாஷிங்டன் குழுக்கூட்டம் ஓடுகிறது. ஒரு செனட்டரின் தோளுக்குப் பின்னால், பாதி முகமாக, அவரிடம் வேலை செய்யும் மகள் தாட்சாயினி. வெயில் நாட்களில் தோட்டத் தொழிலாளருக்கு மணிக்கொரு தரம் நிழலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரி, அவள் எழுதியது. அதை மசோதாவில் வைப்பதா வெட்டுவதா என்று இப்போது பெயர் பெயராகக் கேட்கிறார்கள். சமமாக வந்தால் வரி போய்விடும் என்று காலையில் போனில் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் முதுகு காய்ந்த அவள் அப்பா இரவிச்சந்திரன் அசையாமல் இருக்கிறார். முன்னால் வைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. அம்மா புஷ்பவதி போஞ்சி முறித்தபடி, ஆதரவுக்கு வலப்பக்கமும் எதிர்ப்புக்கு இடப்பக்கமும் ஒவ்வொரு காயாக வைக்கிறாள். பத்துக்குப் பத்து.

"இனி ஆரப்பா மிச்சம்?" காய்களைப் பார்த்தபடி கணவரைக் கேட்கிறாள்.

"அந்தக் கிழவன்தான். மனுசன் நித்திரை போல கிடக்கு."

அந்த வயதான செனட்டரின் பெயரை இரண்டாம் முறை கூப்பிடுகிறார்கள். கிழவரின் உதடு அசைகிறது. ஒலிவாங்கியை அவர் திறக்கவில்லை.

"என்னவாம்? கேக்கேல்லையே!" இரவிச்சந்திரன் காதைத் திரையில் ஒட்டுகிறார்.

புஷ்பவதி கிழவரைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் தாட்சாயினி தலைமயிரை மெல்லக் காதுக்குப் பின் ஒதுக்குகிறாள். சோதனை நன்றாகச் செய்த நாட்களில் பள்ளி பஸ்ஸால் இறங்கும்போதும் இதைத்தான் செய்வாள். புஷ்பவதி ஒரு போஞ்சியை எடுத்து வலப்பக்கம் வைக்கிறாள்.

"இஞ்சருங்கோ, இனியாவது அந்தத் தண்ணியைக் குடியுங்கோ."