சட்டிக்குள் ஒரு கள்ளக்கொட்டை

மாயா நாட்டில் அந்தக் காலத்தில் கொக்கோ கொட்டைதான் சில்லறைக் காசு. இஷ்நிக் என்பவள் வீட்டுச் சட்டியில் கிடந்த கொட்டைகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் களிமண்ணில் செய்து, சுட்டு, சாயம் பூசிய கள்ளக்கொட்டை. சந்தை நெரிசலில் எவனோ அவளை இஷ்நிக் தலையில் கட்டிவிட்டிருந்தான்.

"ஏய் மண்ணு, நானெல்லாம் அசல்டி. செலவழிக்காட்டியும் அரைச்சுக் குடிக்கலாம். நீ எதுக்கு ஆவே? சந்தையில ஒருத்தி நசுக்கிப் பார்த்தா உன் வேஷம் கலைஞ்சிடும்," என்று மூத்த கொட்டை தினமும் சீண்டுவாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா, வீட்டம்மா காதுல விழப்போகுது," என்று கெஞ்சுவாள் மண்ணு. போலி என்று யாராவது சொல்லிவிட்டால் தெருவில் வீசிவிடுவார்களே! இஷ்நிக்கின் கை உள்ளே வந்தாலே அடியில் போய்ப் பதுங்கிக்கொள்வாள்.

ஒரு பெருமழையில் வீடு சரிந்து, சட்டி மண்ணுக்குள் போனது. எத்தனையோ காலம் கழித்து, பழைய வீடுகளைத் தோண்டி ஆராய்கிற பெண் ஒருத்தி அந்தச் சட்டியைத் திறந்தாள். மண்ணுவை எடுத்துத் துடைத்து, விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

மண்ணுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஏ, எல்லாரும் ஓடி வாங்க! இது போலி, போலி!" என்று அந்தப் பெண் குதித்தாள். "நம்மளை மாதிரியே அந்தக் காலத்து ஜனங்களும் சந்தையில ஏமாந்திருக்காங்க!" மண்ணுவைப் பஞ்சு மெத்தையில் பதமாகப் படுக்க வைத்தாள்.

"அக்கா, கேட்டீங்களா?" என்று மண்ணு ஆசையாகச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

அக்கா இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கறைதான் இருந்தது.