வியாழக்கிழமைப் புறப்பாடு

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பத்மாவதி சாவியைத் திருப்பியபோது காரிலிருந்து ஒரு முனகல்கூட எழவில்லை. பின்னிருக்கையில் அவளுடைய பெட்டி இருந்தது. அவள் கழுத்தில் கணவனின் விரல்கள் பதித்த தடம் மறைந்துவிட்டதால், இன்றே அவளைக் கணவன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று தந்தை சிதம்பரநாதன் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். நாளை வெள்ளிக்கிழமை, அன்று மகளை வீட்டை விட்டு அனுப்புவது அக்குடும்பத்தில் வழக்கமில்லை. அந்த ஒரு நாளை நம்பித்தான் அவள் விடியற்காலையில் குறடும் கையுமாகக் காரருகே போயிருந்தாள். “இன்னொரு தடவ திருப்புங்க தங்கச்சி” என்று பானட்டுக்குள் குனிந்த மெக்கானிக் அந்தோணி, பேட்டரி முனையில் தளர்ந்து கிடந்த மரையாணியையும் அதன்மேல் இருந்த புதிய கீறல்களையும் கண்டான். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பற்றியிருந்த அவள் விரல்களில் கறுப்பு மசகு ஒட்டியிருந்தது. மரையை இறுக்காமலே நிமிர்ந்து, “ஸ்டார்ட்டர் மோட்டார் போயிட்டு அண்ணாச்சி. சாமான் வர ரெண்டு நாளாவும்” என்றான். “காரு கெட்டா மாப்பிள்ளைக்குக் காலுமா கெட்டுப் போச்சு? இப்பமே வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லுதேன்” என்று தந்தை போனை எடுக்க உள்ளே சென்றார். சிறிது நேரத்தில், “வாங்க மாப்ளே, சாப்பாட்டுக்கே வந்திருங்க” என்ற அவருடைய சிரிப்புக்குரல் வெளியே கேட்டது. அந்தோணி தலைகுனிந்துகொண்டான். “அண்ணே, அப்பா வெளிய வருமுன்ன அந்த மரைய இறுக்கிருங்க” என்றாள் பத்மாவதி. அவள் கை சாவியின்மேல் இருந்தது. உயர்ந்து நின்ற பானட் தெருவை முழுவதும் மறைத்திருந்தது.