பதிவு நடக்கிறது

நாளைக் காலையில் மகள் விமானம் ஏறுகிறாள். அம்மாவை ஒரு டிஸ்க்கில் கொண்டுபோக வேண்டும் என்றாள். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் நடந்து பேசிய படம் வீட்டு ரெக்கார்டரில் மட்டும்தான் இருக்கிறது. மூட்டை இறக்கிவிட்டு வந்த கையோடு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன்.

டிஸ்க்கில் காப்பி ஏறவில்லை. டிவியில் வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘பதிவு நடக்கிறது.’

“அண்ணே, ரெக்கார்டிங்க நிறுத்தாம விட்டுட்டீங்க. அது பாட்டுக்கு ஓடுது.”

“எத வச்சு ஓடும்? கேமராவத்தான் வித்துட்டோமே!”

அவன் கரண்ட் வயரையும் டிவி வயரையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிடுங்கினான். அப்போதும் பதிவு நேரம் ஏறிக்கொண்டே இருந்தது.

“உங்க வீட்டுப் பெட்டிக்குக் கொழுப்பு ஜாஸ்திண்ணே.”

பதிவைப் போட்டுப் பார்த்தோம். மனைவி சிரித்துவிட்டு, “இரு, பாத்திரம் கழுவிட்டு வரேன்,” என்று அடுப்படிக்குள் போனாள். அப்புறம் வெறும் அடுப்படி வாசல்தான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். வேகமாக ஓட்டினோம். ஓரத்தில் இன்றைய தேதி வந்த பிறகும் அதே வாசல், அதே சத்தம். எங்கள் அடுப்படிக் குழாயைப் போய்ப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“நிறுத்தினா உடனே காப்பி ஆயிடும். அமுக்கட்டுமா?” என்றான் மெக்கானிக்.

மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்ணே. அம்மா வேலைய முடிச்சிட்டு வரட்டும்.”

மறுநாள் காலி டிஸ்க்கோடுதான் கிளம்பிப் போனாள். நான் டிவியை அணைக்கவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது டிவியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. யாரோ பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.