எழுபது தாண்டினால்

எழுபது வயது தாண்டியவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று எம்.எல்.ஏ. நாகராஜன் சட்டசபையில் தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் அது கட்சித் தலைமைக்குப் பிடித்துப்போய், வரும் தேர்தலிலேயே கட்சிக்குள் அமல் என்று அறிவித்துவிட்டது.

கஜபதிக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா புருஷன் நாகராஜனுக்கு ஓட்டுக் கேட்டே இருபது வருஷமாகக் கால் தேய்ந்தவர். பாவா தன்னைவிட இரண்டு வயது பெரியவர், எழுபத்தொன்று ஆகிவிட்டது. இனி சீட்டு தனக்குத்தான்! தணிகை மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் காயாத தலையோடு பாவா வீட்டுக்கு ஓடினார்.

"எனக்காக விட்டுக்குடுத்துட்டீங்களே பாவா!"

"யாருய்யா விட்டுக்குடுத்தது? ஆதார் கார்டை எடுத்துப் பாரு. எனக்கு அறுபத்தொன்பது. உனக்குத்தான் எழுபத்தொண்ணு."

"அது எப்டி? நான் உங்களுக்குச் சின்னவனாச்சே!"

"அப்பல்லாம் தலைக்கு மேல கைய வளைச்சுக் காதைத் தொட்டாத்தானே ஸ்கூல்ல சேத்துப்பாங்க? நீ நெட்டை, மூணு வயசுலயே தொட்டுட்ட. எனக்கு எட்டறதுக்கு ஏழு வயசு ஆச்சு. வாத்தியாரு ரெண்டு பேருக்குமே அஞ்சுன்னுதான் எழுதிகினாரு."

கஜபதியின் வலது கை, சந்தனம் பூசிய மொட்டைக்கு மேலே தானாக வளைந்தது.

இடது காது இப்போதும் சுலபமாக எட்டியது.