வாயுள்ள குடம்

"ஓட்டுக் கேக்க வரும்போது மட்டும் நம்ம தெரு கண்ணுக்குத் தெரியுது. ஜெயிச்சப்புறம் எவன் எட்டிப் பார்த்தான்?" தெருக்குழாய் வரிசையில் நின்ற பச்சை பிளாஸ்டிக் குடம் காலையிலிருந்து நாலாவது தடவையாகப் புலம்பியது.

"சும்மா மூக்கைச் சிந்தாதேடி!" என்று எரிந்து விழுந்தது எவர்சில்வர் குடம். "நாலு நாளா சொட்டுத் தண்ணி இல்லே. ஒருத்தியாவது நேர்ல கேட்டீங்களா? இன்னிக்கு கவுன்சிலர் வர்றார். மூஞ்சிக்கு நேரா நான் கேக்கறேன், பாரு."

தன்னைப்போல வாயுள்ள குடம் இந்த வார்டிலேயே கிடையாது என்பது அதன் எண்ணம்.

கவுன்சிலர் வரும் நேரம் ஆனது. பூரண கும்பத்துக்குக் குடம் தேடிய கட்சிக்காரர்கள், பளபளப்பைப் பார்த்து எவர்சில்வரைத் தூக்கிக்கொண்டார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை செருகி, வாயில் ஒரு தேங்காயையும் வைத்து அமுக்கினார்கள். உள்ளே தண்ணீர் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை.

கவுன்சிலர் வந்து, குனிந்து தொட்டுக் கும்பிட்டார். எவர்சில்வர் குடத்துக்குச் சந்தனம் ஜில்லென்று இருந்தது. லேசாகச் சாய்ந்தால் போதும், தேங்காய் உருண்டு வாய் திறந்துவிடும். ஆனால் போட்டோ எடுக்கிறார்களே, மாவிலை கலைந்துவிடாதா?

"அக்கா, பக்கத்துலயே நிக்கறார்!" என்று வரிசையிலிருந்து கத்தியது பச்சைக் குடம். "தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை கேளுக்கா!"

எவர்சில்வர் குடம் தேங்காய் நழுவாமல் இன்னும் நேராக நிமிர்ந்து, போட்டோவுக்கு நின்றது.