சிவப்பு த்ரீவீலர்

“வயசு போயிட்டு, இனிக் கார் ஓடாதீங்க டடா” என்று மூன்று மாதமாக நச்சரித்த மகள் றேணுகா, இன்று தானே புதிய பக்கக் கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு, மெக்கானிக் நிரோஷனையும் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். றேமண்டுக்கு மனம் குளிர்ந்துபோனது. பழைய மொறிஸ் மைனர் காருக்குள் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிரோஷன் இரண்டு பக்கமும் ஸ்குரூவை இறுக்கி முடித்தான்.

“பின்னால றோட் தெரியுதா டடா?” என்றாள் றேணுகா.

“ஓம் மகள், பளிச்செண்டு தெரியுது.”

பின்னாலிருந்து படபடவென்று ஒரு சத்தம் நெருங்கியது.

“இந்தா, த்ரீவீலர் ஒண்டு வருது. சிவப்பு” என்றார் றேமண்ட்.

றேணுகா ஜன்னலுக்குள் கையை நீட்டினாள்.

“சாவியைத் தாங்க டடா. நிரோஷன் வெறும் ஃப்ரேமைத்தான் பூட்டினவர். கண்ணாடி ரெண்டும் இன்னும் என்ட பேக்குக்குள்ளதான் கிடக்கு.”