பின்மேஜை மைக்

"இரைச்சலை எல்லாம் எடுத்துட்டியா, கோர்டி?"

மேலாளர் பிரெண்டா கதவைத் திறந்ததும் கோர்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போனைக் கழற்றினான். "இன்னும் கொஞ்சம் பாக்கி."

"சாயங்காலம் ரெக்கார்டிங்கை மார்லிஸ் கையில கொடுத்துடணும். விருந்துல நாம ஹாட்டிஷை மொக்கின சத்தம் அதுல கேக்கக் கூடாது, ஆமா!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மொக்கிய சத்தம் எப்போதோ போயாயிற்று. பாக்கியிருந்தது கோர்டியின் சொந்தக் குரல்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் காதுக்கருவி செய்யும் கம்பெனி அது. புதுக் கருவி எதுவானாலும் காது மந்தமான மார்லிஸ்தான் முதலில் மாட்டிப் பார்த்துக் குறை சொல்வாள். கோர்டி விவாகரத்தில் இடிந்து கிடந்த குளிர்காலம் முழுக்க அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவளும் அவள்தான்.

அவளுடைய பிரிவு உபசார விருந்தில், மேஜைக்கு மேஜை மைக். வைக்கச் சொன்னதே மார்லிஸ்தான். முன்னால் நின்று அவள் பேசிக்கொண்டிருக்க, பின்மேஜையில் பக்கத்து நாற்காலி டுவேனிடம் கோர்டியின் பாழாய்ப்போன வாய் உளறாமல் இருந்ததா?

"இந்தக் கூச்சல்ல அவளுக்கு எங்க கேக்கப் போவுது, டுவேன்? சோதனைக்கு இனிமே அவ காது லாயக்கில்ல, வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு நான்தான் மேலிடத்துல சொன்னேன்."

முன் மைக்கில் அவள் பேச்சும், அதன் பின்னால் அவன் முணுமுணுப்பும். பின்மேஜை மைக்கில் அவன் பேச்சு மட்டும் பளிச்சென்று. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அவள் குரல் தனியாக நிற்கும். அவன் வருஷக்கணக்காகச் செய்கிற வேலைதான்.

நடுவில் சில நொடி மார்லிஸ் பேச்சை நிறுத்தியிருந்தாள். பாவம், அடுத்த வரி மறந்திருக்கும். அங்கே அவன் குரல் என்ன செய்தும் மறையவில்லை. அந்தத் துண்டையே வெட்டி எறிந்தான்.

அதற்கடுத்து அவள் சொன்னது, விருந்தில் அவன் பெருமையாகக் கேட்டதுதான், இப்போது அவனை அறைந்தது. "நான் இன்னிக்கு இங்க நிக்கறதுக்கே கோர்டிதான் காரணம். எல்லாரும் அவனுக்குக் கை தட்டுங்க!"

சே, நானும் ஒரு மனுஷனா என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சாயங்காலம் பனியில் வழுக்கி வழுக்கி அவள் வீட்டுக்குப் போனான். மார்லிஸ் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பேச்சை முழுக்கக் கேட்டாள்.

"சுத்தமா இருக்குடா. கூட்டத்துல ஒருத்தன் குரல்கூட இல்ல." அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "நடுவுல நான் கொஞ்சம் நிறுத்தினேனே, அது எங்க?"

"அங்க... வெறும் இரைச்சல்தான், மார்லிஸ். எதுக்குன்னு வெட்டிட்டேன்."

"இரைச்சலா?" கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "மேஜைக்கு மேஜை மைக் வைக்கச் சொன்னேனே, எதுக்குன்னு நெனச்சே?"

"ரெக்கார்டிங்குக்குத்தானே?"

"இல்லடா. அத்தனையும் நேரா என் காதுக்கருவிக்கு வந்துட்டிருந்தது."